கயிறு யார் கையில்?

என் அக்காள் மகள் ரோபோ செய்கிறாள் என்ற சமாசாரம் டெலிபோனில் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே ஆபீஸில் உதவி ஆசிரியர் முதல் காப்பி கொண்டு வருகிற பையன் வரை ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லித் தீர்த்துவிட்டேன். எங்கள் ஓவியர் மட்டும் தூரிகையைக் கீழே வைக்காமல், "அது காப்பி போடுமா?" என்று கேட்டார். பொறாமை! வேறென்ன?

அடுத்த வாரமே லீவு போட்டுவிட்டு முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன். பொழுது விடிகிற நேரத்தில் தூத்துக்குடி வந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே அடித்த உப்புக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு அக்காள் வீடு போய்ச் சேர்ந்தால், வாசலில் ஓடி வந்து கட்டிக்கொள்ள வேண்டிய பாப்பாவைக் காணோம்.

"உள்ளே இருக்கிறாள். மூன்று நாளாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். நீயாவது என்னவென்று கேள்" என்றாள் அக்காள்.

எட்டாம் வகுப்பு படிக்கிற பெண்ணை இன்னும் பாப்பா என்று கூப்பிடுவது அவளுக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அன்று அதற்குக்கூட அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அதிலேயே விஷயம் பெரிது என்று தெரிந்தது.

மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். அவர்கள் செய்வது கையும் காலும் உள்ள யந்திர மனிதன் அல்லவாம். தண்ணீருக்குள் மூழ்கி வேலை செய்கிற சின்ன யந்திரமாம். பிளாஸ்டிக் குழாய்களை வெட்டி ஒட்டிய ஒரு கூடு. படகுகளில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றுகிற பம்பு இருக்கிறதல்லவா, அதன் மோட்டார்கள் மூன்று. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு விசிறி. முன்னால் ஒரு காமிரா. கரையில் பன்னிரண்டு வோல்ட் பாட்டரியும், ஓட்டுகிறவர் கையில் விசைப் பலகையும். இரண்டையும் இணைக்கிறது ஒரு நீண்ட கேபிள். பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தொட்டிதான் அவர்களுக்குச் சமுத்திரம். வெளியூர்ப் போட்டி ஒன்றுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

குழுவில் ஆறு பேர். ஒருவன் ஓட்டுகிறவன். ஒருவன் கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவன். இரண்டு பேர் குழாய் வெட்டி, திருகாணி முடுக்கி, கூடு கட்டுகிறவர்கள். ஒருவன் நடுவர்கள் முன்னால் பேசுகிறவன்.

"நீ?" என்றேன்.

"நோட்டு எழுதணும். அப்புறம் கேபிளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்" என்றாள் பாப்பா. "என் கையெழுத்து நல்லா இருக்காம்!"

அந்தக் கடைசி வாக்கியம் என்னைச் சுருக்கென்று தைத்தது. காரணம் இருக்கிறது. பதினைந்து வருஷங்களுக்கு முன் நான் கல்லூரியில் பௌதிகம் படித்தபோது ஒரு விஞ்ஞானக் கண்காட்சி நடந்தது. மின்சாரச் சுற்று அமைத்தவர்கள் மாணவர்கள். மாணவிகளாகிய நாங்கள் அட்டையில் அழகாகத் தலைப்பு எழுதினோம். வாசலில் கோலம் போட்டோம். வந்தவர்களுக்குச் சர்பத் கொடுத்தோம். "உன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதம்மா" என்று அன்று எனக்குக் கிடைத்த புகழ்ச்சியை நான் இன்றுவரை மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. எழுத்தையே பிழைப்பாகக் கொண்டுவிட்ட பிறகும், ஒரு கம்பியையாவது தொட்டுப் பார்த்திருக்கலாமே என்ற ஏக்கம் போகவில்லை.

"நாளைக்கே பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். யார் இப்படி வேலை பிரித்தது என்று கேட்கிறேன்" என்று கிளம்பிவிட்டேன் சண்டைக்கு.

அத்தான் துறைமுகத்தில் உத்தியோகம் பார்ப்பவர். எதற்கும் பதறாதவர். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்கள் துறைமுகம் 1974-ல் பெருந்துறைமுகமாயிற்று. 2011-ல் வ.உ.சி.யின் பெயரை வைத்தார்கள். கப்பலோட்டிய தமிழன் என்கிறோமே, அவர் எந்தக் கப்பலிலாவது சுக்கான் பிடித்தாரா? 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது அவர் உதவிக் காரியதரிசி. இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு நாற்பதினாயிரம் என்று திட்டம் போட்டு, ஊர் ஊராக அலைந்து பங்கு சேர்த்தார். 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து சேர்த்தார். காகிதமும் பேனாவும் பிடித்தவரைத்தான் இன்று கப்பலோட்டினார் என்று உலகம் சொல்கிறது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பாப்பா மட்டும், "அது சரி, அப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்தச் 'சரி'யில் சரி இல்லை.

சாயங்காலம் அவளை அழைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனேன். கையில் ஒரு பொட்டலம் மக்ரூன். முட்டையின் வெள்ளைக் கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்த அந்தப் பண்டம் வாயில் போட்டதும் கரைந்துவிடும். துக்கமும் அப்படியே கரைந்துவிடும் என்பது என் அனுபவம்.

அங்கே படகு நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைப் பாப்பாவுக்குத் தெரியும். பக்கத்துத் தெருக்காரர். வயது எண்பதை நெருங்குகிறது. இந்தக் கரையில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். அப்போது பதினைந்து வயதுப் பையனாகத் தகப்பனாரோடு தோணியில் போனவர். அதன் பிறகு முத்துக்குளிப்பே நடக்கவில்லை. கடலடிப் பார்களில் சிப்பி குறைந்து போயிற்று. சங்கு குளிப்பது மட்டும் நின்றுவிடவில்லை.

"நீங்க முத்து எடுத்தீங்களா, தாத்தா?" என்று கேட்டேன்.

"நான் எங்கே எடுத்தேன்? எங்கப்பா இறங்குவாவ. நான் மேலே, கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்" என்றார் பெரியவர்.

பாப்பா மக்ரூன் தின்பதை நிறுத்தினாள்.

அவர் சொன்னதையும் நான் புத்தகங்களில் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். முத்துக் குளிப்பவர் சும்மா குதித்தால் ஆழத்துக்குப் போக முடியாது. தண்ணீர் மேலே தள்ளும். ஆகவே ஒரு கனமான கல்லைக் கயிற்றில் கட்டி, அதன்மேல் கால் வைத்து இறங்குவார். கீழே போனதும் கல்லை விட்டுவிடுவார். மேலே இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை நிமிஷம். அதற்குள் கையில் அகப்பட்ட சிப்பியையெல்லாம் வலைப்பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு கயிற்றைச் சுண்டுவார். அந்தச் சுண்டல் மேலே இருப்பவர் கைக்குத் தெரிய வேண்டும். தெரிந்த கணத்தில் இழுக்க வேண்டும். பராக்குப் பார்த்தால் கீழே ஓர் உயிர் போய்விடும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, சுறாமீனை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுத்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். மந்திரம் போட்டவரை எழுதிய அளவுக்குக் கயிறு பிடித்தவர்களைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை!

"கயித்தை யார் கையிலயும் கொடுத்துற மாட்டாவ" என்றார் பெரியவர். "சொந்த மனுசன் வேணும். மச்சினன்னா ரொம்ப நல்லது. ஏன்னு கேளு. அக்கா தாலி அறுந்துறக் கூடாதேன்னு அவன் கண்ணு வேறெங்கயும் போகாது!"

மலைத் தேன் எடுப்பவர்களும் இப்படியே சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும் என்று பழமொழியே இருக்கிறதே!

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வீடு திரும்பும் வழியில் பாப்பாவுக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைச் சொன்னேன். கதை அல்ல, நிஜம். அரிசோனா மாகாணத்தில் பீனிக்ஸ் நகரம். அங்கே கார்ல் ஹேடன் என்று ஓர் உயர்நிலைப் பள்ளி. மெக்ஸிகோவிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் நாலு பேர். அங்கே குடியிருப்பதற்கு உரிய தஸ்தாவேஜுகூட இல்லாதவர்கள். ஃபிரெடி லஜ்வர்தி, ஆலன் கேமரன் என்று இரண்டு வாத்தியார்கள். 2004-ம் வருஷம், நீரடி யந்திரங்களுக்கான போட்டி ஒன்று கலிபோர்னியாவில் ஸாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் நடந்தது. பள்ளிக்கூடப் பிரிவில் சேராமல், கல்லூரிகள் கலந்துகொள்ளும் பிரிவிலேயே இவர்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். எதிரே யார்? எம்.ஐ.டி.! நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிற பிரும்மாண்டமான எம்.ஐ.டி.

இவர்களுடைய யந்திரமும் பாப்பாவினுடையதைப் போலப் பிளாஸ்டிக் குழாயால் ஆனதுதான். செலவு சுமார் எண்ணூறு டாலர். ஒட்டுப் பசையின் நாற்றம் தாங்காமல் அதற்கு 'நாற்றம் பிடித்தவன்' என்றே பெயர் வைத்தார்கள். ஆஸ்கர் தலைமை, கிறிஸ்டியன் மூளை, லொரன்சோ கைவேலைக்காரன், லூயிஸ் நல்ல ஆஜானுபாகு, ஆகவே யந்திரத்தைத் தூக்கி இறக்குவதும் கேபிளைக் கவனிப்பதும் அவன் பொறுப்பு.

"கேபிளா?" என்றாள் பாப்பா.

"கேபிள்தான். கேள், இனிமேல்தான் வேடிக்கை. போட்டி சமயத்தில் யந்திரத்தின் பெட்டிக்குள் தண்ணீர் கசிந்துவிட்டது. நனைந்தால் எல்லாம் போச்சு. ஈரத்தை உறிஞ்ச என்ன வைக்கலாம்? பெண்கள் மாதாமாதம் கடையில் வாங்குகிறார்களே, அந்தப் பஞ்சு! லொரன்சோ வெட்கத்தை விட்டுக் கடைக்குப் போய், யாரோ ஓர் அம்மாளிடம் எது நன்றாக உறிஞ்சும் என்று யோசனை கேட்டு வாங்கி வந்தான். பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். யந்திரம் பிழைத்துக்கொண்டது!"

பாப்பா நடுத்தெருவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"தொட்டிக்குள் செய்த வேலையில் எம்.ஐ.டி.தான் அதிக மதிப்பெண் வாங்கியது. ஆனால் நடுவர் கேள்விக்குப் பதில் சொன்னதற்கும், எழுதிக் கொடுத்த அறிக்கைக்கும் சேர்த்துப் பார்த்தபோது முதல் பரிசு இந்த நாலு பேருக்கு! அறிக்கைக்கென்று தனிப் பரிசு வேறு. இதைப் புத்தகமாகப் போட்டார்கள். 2015-ல் சினிமாவாகவும் எடுத்தார்கள். பார்த்தாயா? எழுத்தும் கயிறும் லேசுப்பட்டவையா?"

இவ்வளவும் சொல்லிவிட்டு வெற்றிப் பெருமிதத்துடன் அவளைப் பார்த்தேன். அவள் நிதானமாகக் கேட்டாள்:

"அவ்வளவு பெரிய வேலைன்னா, அந்தப் பையங்க ஏன் சித்தி அதைக் கேட்க மாட்டேங்காங்க?"

நான் வாயடைத்துப் போனேன்.

வாசக சகோதரிகளே, யோசித்துப் பாருங்கள். 'வீட்டுக்கு நீதான் ராணி, உன் கையில்தான் எல்லாம் இருக்கிறது' என்று நம்மிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! சொன்னவர்களில் எத்தனை பேர் அந்தச் சிம்மாசனத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது உட்கார்ந்து வெங்காயம் உரித்திருக்கிறார்கள்? அதே சமாதானத்தைத்தான் அத்தானும் நானும் மாற்றி மாற்றி அந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். கயிறு பிடிப்பது பெரிய வேலை என்பது உண்மை. அது ஒருத்தி தலையிலேயே விழ வேண்டும் என்பதற்கு அந்த உண்மை காரணமாகுமா?

சனிக்கிழமை ஒத்திகை. சண்டை போடுவதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் பாப்பா என்னை அழைத்துப் போனாள். தொட்டியைச் சுற்றிப் பிள்ளைகள். யந்திரம் தண்ணீருக்குள் இறங்கியது. அடியில் கிடந்த வளையங்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஓட்டுகிற பையன் கெட்டிக்காரன்தான். முதல் வளையம் லகுவாக வந்தது. இரண்டாவதுக்குத் திரும்பும்போது கேபிள் தளர்ந்து சுருண்டது. அவன் பார்வை காமிராப் படத்தின் மேல். கேபிள் அதில் தெரியாது. பாப்பாவுக்குத்தான் தெரிந்தது.

"நிறுத்து! விசிறியில மாட்டுது!" என்று கத்தினாள்.

"சும்மா இரு, கிடைச்சிட்டு" என்று அவன் விசையை இன்னும் அழுத்தினான். அவ்வளவுதான். விசிறி கேபிளைச் சுற்றி இழுத்தது. யந்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பொம்மை மாதிரி அடியில் உட்கார்ந்துவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் கேபிள் நுழைகிற இடத்தில் அடைப்பு விட்டு, உள்ளே தண்ணீர். நாலைந்து கம்பிகள் கழன்று தொங்கின. எது எங்கே போகவேண்டும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இணைத்தவனுக்கே ஞாபகமில்லை!

பாப்பா ஒன்றும் பேசாமல் நோட்டை எடுத்தாள். எந்த நிறக் கம்பி எந்த மோட்டாருக்கு என்று படம் போட்டு எழுதியிருந்தாள். இரண்டு வாரத்துக்கு முன் அதே மூலையில் கசிந்ததும், அப்போது எதைப் பூசி அடைத்தார்கள், எத்தனை மணி நேரம் காய வைத்தார்கள் என்பதும் தேதியோடு இருந்தது. மத்தியானத்துக்குள் கம்பிகள் எல்லாம் அதனதன் இடத்துக்குப் போய்விட்டன.

பையன்கள் தலையைச் சொறிந்தார்கள். ஓட்டுகிற பையன் மட்டும், "ஸாரி" என்றான். அப்போதுதான் பாப்பா அவர்களுடைய டீச்சரம்மாளைப் பார்த்துச் சொன்னாள்: "மிஸ், முத்துக் குளிக்கப் போனவங்க ரெண்டு ரெண்டு பேரா ஒரே கல்லை வச்சுக்குவாங்களாம். ஒருத்தர் இறங்கும்போது மத்தவர் மேலே மூச்சு வாங்குவார். அப்புறம் இவர் முறை. நாமளும் முறை வச்சுக்கலாமா?"

அந்த யோசனையை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரியவரிடம் அவளே மறுபடி போய்க் கேட்டு வந்திருக்கிறாள்!

டீச்சரம்மாள் சின்ன வயசுக்காரர். சற்று நேரம் யோசித்தார். "தப்பு என்னுடையதுதான். சீக்கிரம் வேலை ஆகவேண்டுமென்று யாருக்கு எது உடனே வருமோ அதைக் கொடுத்துவிட்டேன்" என்று ஒப்புக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. இதே மாதிரி லெகோ கட்டைகளை வைத்து உலகமெங்கும் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி நடக்கிறது என்றும், அதில் யந்திரம் ஓடுவது இரண்டரை நிமிஷம்தான் என்றும் அவர் சொன்னார். அந்த ஓட்டத்துக்கு நாலில் ஒரு பங்கு மதிப்பெண்தானாம். யந்திரத்தை எப்படி வடிவமைத்தார்கள், ஊருக்கு உபயோகமாக என்ன ஆராய்ந்தார்கள், ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொண்டார்கள் என்பவற்றுக்குத்தான் மிச்சம் மூன்று பங்கும்.

அன்று முதல் முறை வைத்தார்கள். இரண்டு வாரத்துக்கு எல்லோரும் எல்லாம் செய்வது. பிறகு போட்டிக்கு யார் எது என்று ஆறு பேருமாகக் கூடித் தீர்மானிப்பது.

நான் இருந்த கடைசி நாளன்று பாப்பா முதல் தடவையாக விசைப் பலகையைக் கையில் வாங்கினாள். என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. யந்திரம் நேராகப் போய்த் தொட்டிச் சுவரில் 'டொக்'கென்று மோதியது! மறுபடியும் மோதியது! உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா? கேபிளைப் பிடித்திருந்த பழைய ஓட்டுநனோ கால்மணி நேரத்தில் கை கடுக்கிறதென்றான். இழுத்தால் யந்திரம் பின்னால் வருகிறது, விட்டால் சுருள்கிறது, எவ்வளவு விடுவது என்றே தெரியவில்லையே என்று புலம்பினான். "சுண்டினால் கைக்குத் தெரியும். பராக்குப் பார்க்காதே" என்று பாப்பா அதிகாரமாகச் சொன்னாள்.

சென்னை திரும்பியதும் ஒரு விஷயம் படித்தேன். பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் செய்த ஒரு நீரடி யந்திரம் 2010-ல் இந்துமகா சமுத்திரத்தில் ஐயாயிரம் மீட்டருக்கும் கீழே போய் வந்திருக்கிறது. அத்தனை ஆழத்திலும் அதைக் கப்பலோடு சேர்த்துப் பிடித்திருந்தது ஒரு கேபிள். இத்தகைய கேபிளுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'தொப்புள்கொடி'! பெயர் வைத்தவர் ஆணோ பெண்ணோ, விஷயம் தெரிந்தவர்.

போட்டி போன மாதம் முடிந்தது. பரிசு ஒன்றும் வரவில்லை. இருபது குழுக்களில் இவர்களுக்கு ஏழாவது இடம். ஆனால் அன்று இரவு டெலிபோனில் பாப்பாவின் குரலில் உற்சாகம் வழிந்தது. நடுவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இதை எழுதியது யார்?" என்று கேட்டாராம்; ஆறு கைகள் உயர்ந்தனவாம். ஆறு விதமான கையெழுத்து. இரண்டு படிக்கவே முடியாதாம்!

"தொட்டியிலே?" என்று கேட்டேன்.

"ரெண்டு சுற்று, சித்தி. முதல் சுற்று அவன் ஓட்டினான், நான் கேபிள். ரெண்டாவது சுற்று நான் ஓட்டினேன். மூணு வளையம் எடுத்தேன். சுவர்ல மோதவே இல்லை!"

"அப்போ கேபிள் யார்?"

"அவன்தான். நல்லாத்தான் பிடிச்சான்" என்றாள் பாப்பா. பிறகு சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "ஆனா, என் அளவுக்கு இல்லை."